எரியும் அறையே வகுப்பறை

திறந்த வெளியில் எரியும் தீயும் நான்கு சுவர்களுக்குள் எரியும் தீயும் வேதியியல் நோக்கில் ஒன்றே ஆயினும், வளரும் விதத்திலும் விளைவிக்கும் ஆபத்திலும் அவை பெரிதும் வேறுபடுகின்றன. வெட்டவெளியில் வெப்பமும் புகையும் மேலெழுந்து கலைந்துவிடுவதால், தீயின் அளவைக் கண்ணால் கண்டு தாங்கக்கூடிய தொலைவில் நின்றுகொள்ள ஒருவரால் முடிகிறது. மூடிய அறையிலோ அதே வெப்பம் கூரைக்கு அடியில் தேங்கி, அங்கிருந்து கதிர்வீச்சாகக் கீழிறங்கி, இன்னும் தீப்பற்றாத பொருள்களையும் பற்றவைக்கிறது. புகை கண்ணை மறைக்கிறது. காற்றின் வரத்து குறைந்தால் தீ அடங்கிவிட்டதுபோல் தோன்றி, கதவு திறக்கப்பட்டதும் முன்னைவிடப் பெரிதாக எழுகிறது. அடுப்பிலும் திறந்த வெளியிலும் நெருப்புடன் பழகிவந்த மனிதரின் உள்ளுணர்வு இத்தகைய தீயை எதிர்கொள்ளப் போதுமானதன்று. புகை வரும் அறையின் கதவைத் திறந்து பார்க்கத் தோன்றுகிறது. புகை வெளியேறட்டும் என்று ஜன்னலை உடைக்கத் தோன்றுகிறது. மூச்சு முட்டும்போது முகமூடியைக் கழற்றிவிடத் தோன்றுகிறது. இம்மூன்றுமே உயிரைப் பறிக்கக்கூடிய செயல்கள்.

ஆகவே தீயணைப்புத் துறையின் பயிற்சி, துணிச்சல் மிக்கவரைத் தேர்ந்தெடுத்து ஏணியும் குழாயும் கொடுத்து அனுப்புவதோடு முடிவதில்லை. இயல்பாக எழும் எதிர்வினைகளை அடக்கி, அவற்றின் இடத்தில் தீயின் இயற்பியலுக்குப் பொருந்தும் வேறு பழக்கங்களை உடலில் பதிப்பதே அதன் அடிப்படைப் பணி. எந்தப் பழக்கங்களைப் பதிப்பது என்பதை வெப்ப இயற்பியலும் உடலியங்கியலும் கற்றல் உளவியலும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. வீடுகளில் எரியும் பொருள்கள் மாறும்போதெல்லாம் அந்தப் பாடமும் மாறவேண்டியிருக்கிறது.

முறையான பயிற்சியின் தொடக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் நகரங்களில் தீயணைப்பு பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனங்களின் தனித்தனிக் குழுக்களிடம் இருந்தது. 1824-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம் தனக்கென ஒரே தீயணைப்புப் படையை அமைத்து, அதன் தலைமையை ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்ற இளைஞரிடம் ஒப்படைத்தது. அவர் ஓடு வேய்பவர், தச்சர், கொத்தனார் போன்ற கட்டடத் தொழிலாளர்களையே படைக்குத் தேர்ந்தெடுத்தார். எரியும் கட்டடத்தின் எந்தப் பகுதி எதைத் தாங்கி நிற்கிறது, எது முதலில் சரியும் என்பதைத் தொழில்வழியாக அறிந்தவர்கள் அவர்களே என்பது அவருடைய கணிப்பு. பகலில் நடத்தும் பயிற்சி இரவுத் தீக்கு உதவாது என்பதால், இருளிலேயே பழகும்படி அவர்களுக்கு அதிகாலைப் பயிற்சி அளித்தார். தெருவில் நின்றபடி ஜன்னல் வழியே பீய்ச்சும் நீரில் பெரும்பகுதி வீணாகிறது. ஆதலால் வீரர்கள் உள்ளே புகுந்து தீயின் மூலத்தை அடைய வேண்டும் என்பது அவர் வகுத்த தலையாய விதி. தீயணைப்பு எந்திரங்களின் அமைப்பையும் வீரர்களின் பயிற்சியையும் விளக்கி 1830-இல் அவர் வெளியிட்ட நூல், இத்தொழிலைக் கற்பிக்கத்தக்க ஒரு துறையாக முன்வைத்தது. 1833-இல் லண்டனின் தீயணைப்பு அமைப்புக்குத் தலைமையேற்ற அவர், 1861-இல் டூலி தெருவின் பெருந்தீயில் சுவர் இடிந்து விழுந்து இறந்தார்.

தீயின் மூலத்தை அடைய உள்ளே செல்லவேண்டும் என்ற அந்த விதியே பிற்காலப் பயிற்சி முழுவதற்கும் காரணமாயிற்று. உள்ளே செல்பவர் வெப்பத்தைத் தாங்க வேண்டும்; மூச்சுவிட வேண்டும்; பார்வையின்றி வழி அறிய வேண்டும்; தம்மைச் சுற்றியுள்ள வளிமம் எப்போது தீப்பிடிக்கும் என்று கணிக்க வேண்டும். பயிற்சிப் பள்ளிகளின் பாடங்கள் பெரும்பாலும் இந்த நான்கு தேவைகளைச் சுற்றியே அமைந்துள்ளன.

வெப்பத்தின் கீழ் உடல்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பல துறைகள் ஆள்சேர்ப்பின்போது நடத்தும் உடல்திறன் தேர்வு இத்தொழிலின் சுமையை அளவிட்டுக் காட்டுகிறது. விண்ணப்பதாரர் ஏறத்தாழ 22.7 கிலோ எடையுள்ள அங்கியை அணிந்து எட்டு வேலைகளை 10 நிமிடம் 20 விநாடிக்குள் தொடர்ச்சியாக முடிக்க வேண்டும். முதல் வேலையான படியேற்றத்தில், தோள்களில் மேலும் 11 கிலோவுக்குச் சற்று அதிகமான எடை ஏற்றப்பட்டு, நிமிடத்துக்கு 60 படி வீதம் மூன்று நிமிடம் ஏறவேண்டும். அடுத்து குழாயை இழுத்தல், கருவிகளைச் சுமத்தல், ஏணியை உயர்த்தல், கதவை உடைத்தல், இருண்ட சுரங்கவழியில் தவழ்ந்து தேடுதல், ஏறத்தாழ 75 கிலோ எடையுள்ள பொம்மையை இழுத்து மீட்டல், கூரைப் பலகையைக் குத்தி இழுத்தல் ஆகியவை வருகின்றன. ஒவ்வொன்றும் உண்மையான தீவிபத்தில் செய்யப்படும் ஒரு வேலையின் நகல்.

ஆனால் இத்தேர்வில் வெப்பம் இல்லை. தசைகள் வேலை செய்யும்போது உணவிலிருந்து பெறும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இயக்கமாகிறது. மீதி வெப்பமாக உடலுக்குள் சேர்கிறது. சாதாரண நிலையில் வியர்வை ஆவியாகி இவ்வெப்பத்தை வெளியேற்றும். தீயணைப்பு உடையோ வெளி வெப்பம் உள்ளே வராமல் தடுப்பதற்காகப் பல அடுக்குகளால் ஆனது. அதே அடுக்குகள் உடலின் வெப்பம் வெளியேறுவதையும் தடுக்கின்றன. வியர்வை பெருகினாலும் ஆவியாக வழியில்லை. உடலின் உள்வெப்பநிலை உயர, நீரிழப்பால் இரத்தத்தின் கன அளவு குறைய, இதயம் தன் உச்ச வேகத்தை நெருங்கித் துடிக்கிறது. அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை பணியின்போது நிகழ்ந்த மரணங்களை ஆராய்ந்து 2007-இல் வெளியான ஆய்வு, அவற்றில் நூற்றுக்கு 45 இதயநோயால் நேர்ந்தவை என்று காட்டியது. வீரர்களின் பணிநேரத்தில் தீயை அணைப்பதற்குச் செலவாகும் பகுதி நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாத நிலையில், இதயநோய் மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று அச்சமயத்திலேயே நிகழ்ந்திருந்தது. தீக்காயத்தைவிட இதயமே பெரிய ஆபத்து என்ற இந்த உண்மையால், உடற்பயிற்சி, பணிகளுக்கிடையே கட்டாய ஓய்வு, குளிர்வித்தல், நீரருந்துதல் ஆகியவை பயிற்சியில் குழாய்ப் பயிற்சிக்கு நிகரான இடத்தைப் பெற்றுள்ளன.

எண்ணப்பட்ட மூச்சு

கட்டடத் தீயின் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. பஞ்சுமெத்தைக்கு மாற்றாக வந்த பாலியூரித்தேன் நுரை எரியும்போது ஹைட்ரஜன் சயனைடும் உண்டாகிறது. முன்னது இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்கிறது; பின்னது செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வினையையே முடக்குகிறது. எனவே உள்ளே செல்லும் வீரர் தமக்கான காற்றை முதுகில் சுமந்து செல்கிறார். பரவலாகப் பயன்படும் 6.8 லிட்டர் உருளையில் 300 பார் அழுத்தத்தில், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 300 மடங்கில், அடைக்கப்பட்ட காற்று வெளியே விரிந்தால் ஏறக்குறைய 2000 லிட்டர் ஆகும். ஓய்வாக இருப்பவர் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை இழுக்கிறார்; மிதமான உழைப்பில் அது 40 லிட்டராகவும், கடும் உழைப்பிலும் பதற்றத்திலும் 80 லிட்டராகவும் உயர்கிறது. ஒரே உருளை ஒருவருக்கு 50 நிமிடமும் மற்றொருவருக்கு 25 நிமிடமும் வருவதற்குக் காரணம் இதுவே. திரும்பிவரும் வழிக்கும் காற்று தேவை என்பதால், உருளை தீரும் நேரத்தைவிடத் திரும்பவேண்டிய நேரமே முக்கியமானது. அழுத்தமானியை அடிக்கடி பார்த்து அந்த நேரத்தைக் கணக்கிடுவது பயிற்சியின் ஒரு பாடம். காற்று குறைந்ததும் கருவி விசில் ஒலி எழுப்பும். அந்த ஒலி கேட்பதற்கு முன்பே வெளியேறத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது விதி.

இக்கருவியுடன் பழகுவதற்கென்றே புகைக்கூடங்கள் அமைக்கப்படுகின்றன. நகர்த்தக்கூடிய தடுப்புகளால் ஆன குறுகிய வழிகளில், முகமூடியின் கண்ணாடி மறைக்கப்பட்ட நிலையில், பயிற்சியாளர்கள் இருவர் இருவராகத் தவழ்ந்து செல்கிறார்கள். ஒரு கை சுவரை விடுவதில்லை. மற்றொரு கை தரையைத் துழாவித் தேடுகிறது. வலச் சுவரைத் தொட்டு நுழைந்தவர் அதே சுவரை இடக்கையால் தொட்டுத் திரும்பினால் வாசலை அடைவார் என்ற எளிய வடிவியல்தான் இங்கே வழிகாட்டி. குழாயைப் பின்பற்றிச் சென்றவர், குழாய்த் துண்டுகளை இணைக்கும் உலோக இணைப்பின் இருபுறமும் வெவ்வேறு வடிவில் இருப்பதைக் கையுறைக்குள்ளிருந்தே தடவி அறிந்து, வெளியேறும் திசையைக் கண்டுகொள்கிறார். அரை நிமிடம் போல அசையாமல் கிடந்தால் தானாக அலறும் எச்சரிக்கைக் கருவி ஒன்றும் உடையில் பொருத்தப்பட்டிருக்கும்.

இத்தகைய செயல்களைத் தவறின்றி ஒருமுறை செய்துகாட்டுவது போதுமானதாகக் கருதப்படுவதில்லை. கடும் அழுத்தத்தின்போது கவனம் குறுகி, ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்தக்கூடிய தகவலின் அளவு குறைகிறது. அப்போது நினைவுகூர்ந்து செய்யவேண்டிய செயல்கள் தடுமாறுகின்றன, நினைக்காமலே நிகழும் அளவுக்குப் பழகிய செயல்கள் தப்பிப் பிழைக்கின்றன. கற்றுத் தேர்ந்த பின்னும் பயிற்சியைத் தொடர்வதை உளவியலாளர் மிகைக் கற்றல் என்பர். முடிச்சுப் போடுதல், முகமூடி அணிதல், ஏணி ஏற்றுதல் ஆகியவை நூற்றுக்கணக்கான முறை மீண்டும் மீண்டும் செய்விக்கப்படுவதற்கு ஒழுங்கு மட்டும் காரணமன்று; கைகள் தாமே செய்யும் வேலை மனத்துக்கு மிச்சமாகி, அந்த மனம் தீயைக் கவனிக்க விடுபடுகிறது.

புகையும் எரிபொருளே

மரமோ துணியோ திடநிலையிலேயே சுடர்விட்டு எரிவதில்லை. வெப்பம் ஏறும்போது அவற்றின் பெரிய மூலக்கூறுகள் சிதைந்து எரியக்கூடிய வளிமங்களை வெளியிடுகின்றன. வெப்பச் சிதைவு எனப்படும் இந்நிகழ்வில் பிறக்கும் வளிமங்களே காற்றுடன் கலந்து சுடராகின்றன. மூடிய அறையில் இவற்றின் ஒரு பகுதி எரியாமல் புகையுடன் சேர்ந்து கூரையின் கீழ் தங்குகிறது. ஆகவே அறையை நிறைக்கும் கரும்புகையை எரிந்து முடிந்த கழிவாகக் கொள்ளாமல், இன்னும் எரியாத எரிபொருளாகக் கொள்ளவேண்டும் என்பது பயிற்சியாளர் கற்கும் முதல் உண்மை.

மேலே தேங்கும் இந்த அடுக்கின் வெப்பநிலை 500 முதல் 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது, அது தரையை நோக்கி வீசும் கதிர்வீச்சு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20 கிலோவாட் ஆகிறது. உச்சி வெயிலின் அளவு ஏறத்தாழ ஒரு கிலோவாட் மட்டுமே. அந்தக் கதிர்வீச்சில் அறையிலுள்ள மேசை, விரிப்பு, காகிதம் எல்லாம் ஒரே நேரத்தில் வளிமங்களை வெளியிட்டு, சில விநாடிகளில் அறை முழுவதும் தீப்பற்றுகிறது. ஃபிளாஷ் ஓவர் எனப்படும் இந்த நிலைக்குள் அகப்பட்டவரை முழுப் பாதுகாப்பு உடையும் சில விநாடிகளுக்கு மேல் காப்பதில்லை. அதற்குப் பின் தப்புவது அரிது என்பதால், அது வருவதற்கு முன் அறிந்துகொள்வதே பயிற்சியின் நோக்கமாகிறது.

இதை வகுப்பறையில் படத்தால் விளக்கலாம். ஆயினும் படம் வெப்பத்தைக் காட்டுவதில்லை. 1980-களில் ஸ்வீடனில் கிரிஸ்டர் யீசெல்சன், மாட்ஸ் ரோசாண்டர் ஆகிய இருவரின் பணியை ஒட்டி இதற்கொரு வழி உருவாயிற்று. சரக்குக் கப்பலில் ஏற்றும் எஃகுப் பெட்டகத்தின் ஒரு கோடியில், சுவர்களிலும் கூரையிலும் மரத்தூள் பலகைகளைப் பொருத்தித் தீமூட்டுவர். மறுகோடியில் பயிற்சியாளர்கள் தரையோடு தரையாகக் குந்தியிருந்து தீயின் வளர்ச்சியை நேரில் காண்பர். புகை அடுக்குக்கும் அதன் கீழுள்ள தெளிந்த காற்றுக்கும் இடையிலான எல்லை மெல்லத் தாழ்வதையும், அடுக்கின் அடிப்பகுதியில் சுடர்நாக்குகள் தோன்றித் தலைக்கு மேல் ஓடுவதையும், வெப்பம் திடீரெனக் கூடுவதையும் அவர்கள் உடலால் உணர்கிறார்கள். 1996 பிப்ரவரியில் வேல்ஸின் பிளைனாவில் இரு வீரர்களும், சில நாள் இடைவெளியில் பிரிஸ்டலில் பெண் வீரர் ஒருவரும் இத்தகைய தீ நிகழ்வுகளில் இறந்த பிறகு, பிரிட்டனிலும் இந்தப் பெட்டகப் பயிற்சி பரவலாயிற்று. இதற்கு முன்னோட்டமாக, பலகையால் செய்த சிறு பொம்மை வீட்டில் தீமூட்டி, அதன் கதவுகளைத் திறந்தும் மூடியும் புகையின் போக்கைக் காட்டும் செய்முறையும் பல பள்ளிகளில் உண்டு.

பெட்டகத்துக்குள் கற்கும் மற்றொரு பாடம் நீரைப் பற்றியது. 20 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 0.33 மெகாஜூல் ஆற்றல் போதும். அதை முழுவதும் ஆவியாக்க மேலும் 2.26 மெகாஜூல் வேண்டும். பின்னதே உள்ளுறை வெப்பம். ஆகவே நீரின் குளிர்விக்கும் திறனில் பெரும்பகுதி அது ஆவியாகும்போதுதான் வெளிப்படுகிறது. ஆவியாகாமல் தரையில் ஓடும் நீர் தன் திறனின் சிறு பகுதியையே செலவிடுகிறது. ஒரு லிட்டர் நீர் ஒரே உருண்டையாக இருந்தால் அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 0.05 சதுர மீட்டர், அதையே 0.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளிகளாகச் சிதறடித்தால் மேற்பரப்பு 20 சதுர மீட்டராகி, வெப்பம் நுழையும் வாயில் 400 மடங்கு விரிகிறது. இதனால் பயிற்சியாளர் பிராஞ்ச் எனப்படும் குழாய் முனையைத் திறந்து மூடி, விநாடிக்கும் குறைவான சிறு சிறு தெளிப்புகளைத் தலைக்கு மேலுள்ள வளிம அடுக்குக்குள் செலுத்தக் கற்கிறார். துளிகள் வளிமத்துக்குள்ளேயே ஆவியானால் வளிமம் குளிர்ந்து சுருங்குகிறது. அளவுக்கு மேல் நீரைச் செலுத்தி, அது காய்ந்த சுவரில் பட்டு ஆவியானாலோ, ஏறத்தாழ 1700 மடங்கு விரியும் நீராவி கீழே இருப்பவர்களையே சுட்டுவிடும். கைப்பிடியை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்ற ஒரே செயலில் காப்பும் ஆபத்தும் அடங்கியுள்ளன.

பொருள் மாறியது, பாடமும் மாறியது

கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வீட்டுப் பொருள்களில் மரமும் பருத்தியும் கம்பளியும் மிகுதி. பின்னர் அவற்றின் இடத்தைச் செயற்கை நுரையும் நெகிழியும் செயற்கை இழையும் பிடித்தன. பழைய காலப் பொருள்கள் நிரம்பிய அறையையும் இக்காலப் பொருள்கள் நிரம்பிய அதே அளவு அறையையும் அருகருகே எரித்து அமெரிக்காவின் யு.எல். ஆய்வகம் நடத்திய சோதனைகளில், முன்னது ஃபிளாஷ் ஓவர் நிலையை எட்ட 29 நிமிடங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டது. பின்னது ஐந்து நிமிடத்துக்குள் எட்டியது. முற்காலத்தில் வீரர்கள் வந்துசேரும்போது வளர்ந்துகொண்டிருந்த தீ, இக்காலத்தில் அவர்கள் வருவதற்குள் உச்சத்தை அடைந்துவிடுகிறது. அல்லது காற்றைத் தீர்த்துவிட்டு மேலும் காற்றுக்காகக் காத்திருக்கிறது.

இந்த இரண்டாவது நிலையைச் சிறு கணக்கு விளக்கும். எரிபொருள் எதுவாயினும், ஒரு கிலோ ஆக்சிஜன் செலவாகும்போது ஏறத்தாழ 13.1 மெகாஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. நான்கு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் கொண்ட மூடிய அறையில் ஏறத்தாழ 58 கிலோ காற்று உண்டு. அதிலுள்ள ஆக்சிஜன் முழுவதும் செலவானாலும் 175 மெகாஜூல்தான் கிடைக்கும். ஒரே ஒரு நவீன சோபா இரண்டு மெகாவாட் வீதத்தில் எரியக்கூடியது. அந்த வேகத்தில் அறையின் ஆக்சிஜன் ஒன்றரை நிமிடத்துக்குக்கூட வராது. ஆக்சிஜன் முற்றும் தீர்வதற்கு வெகுமுன்பே சுடர் மங்கிவிடும். வெப்பமும் எரியாத வளிமங்களும் மட்டும் எஞ்சியிருக்கும். இந்நிலையில் கதவைத் திறப்பது, அந்தத் தீயில் குறைபட்ட ஒரே பொருளைக் கொண்டுபோய்க் கொடுப்பதாகும்.

1994 மார்ச் 28 அன்று நியூயார்க்கின் வாட்ஸ் தெருவில் இதுவே நிகழ்ந்தது. அடுப்பின்மேல் வைக்கப்பட்டிருந்த குப்பைப்பை தீப்பற்றியது; வெப்பம் வெளியேறாதபடி நன்றாக அடைக்கப்பட்டிருந்த அந்தக் குடியிருப்பில் தீ நெடுநேரம் காற்றின்றிப் புகைந்துகொண்டிருந்தது. வீரர்கள் கதவைத் திறந்ததும் வெப்ப வளிமம் மேற்பாதியில் வெளியேற, குளிர்ந்த காற்று கீழ்ப்பாதியில் உள்ளே பாய, மாடிப்படி முழுவதையும் நிறைத்த சுடர் எழுந்து ஆறு நிமிடங்களுக்கு மேல் நீடித்தது. படியில் மேலே இருந்த மூன்று வீரர்கள் உயிரிழந்தனர். காற்றிழந்த தீ கதவு திறப்பால் வெடித்தெழும் இவ்வகை நிகழ்வு பேக் டிராஃப்ட் எனப்படுகிறது. அமெரிக்காவின் தேசியத் தர தொழில்நுட்ப நிறுவனம் பின்னர் கணினி மாதிரியின் வழியாக இந்நிகழ்வை மீட்டுருவாக்கி, ஒரு சிறு குடியிருப்பின் வளிமங்களே இத்தனை நேரம் எரியப் போதுமானவை என்று காட்டியது.

2012 ஜூலையில் அதே நிறுவனமும் யு.எல். ஆய்வகமும் நியூயார்க் தீயணைப்புத் துறையும் இணைந்து, கவர்னர்ஸ் தீவில் இடிக்கப்படவிருந்த 20 வீடுகளில் உணரிகளைப் பொருத்தி, அறைகலன்களை வைத்துத் தீமூட்டிச் சோதனைகள் நடத்தின. கதவு, ஜன்னல், கூரை ஆகியவற்றை வெவ்வேறு வரிசையில் திறந்து, ஒவ்வொன்றின் விளைவும் அளக்கப்பட்டது. நீரின்றிச் செய்யப்படும் எந்தத் திறப்பும் இக்காலத் தீயைக் குளிர்விப்பதில்லை, வளர்க்கவே செய்கிறது என்பது உறுதியாயிற்று. காற்று நுழையும் வாயிலுக்கும் வெப்பம் வெளியேறும் வாயிலுக்கும் இடைப்பட்ட வழி ஓட்டப்பாதை எனப்படும்; அப்பாதையில் நிற்பவரே மிகுந்த ஆபத்துக்கு உள்ளாகிறார். வெளியிலிருந்து ஜன்னல் வழியே பீய்ச்சும் நீர் தீயை உள்ளிருப்போர் மீது தள்ளிவிடும் என்ற நெடுங்கால நம்பிக்கைக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. சில விநாடிகள் பாய்ச்சிய நீரே உள்வெப்பத்தைப் பெருமளவு குறைத்தது. பிரெய்ட்வுட் காலம் முதல் உள்ளே புகுவதையே முதன்மையாகக் கொண்டிருந்த தொழிலுக்கு இது எளிதில் ஏற்கத்தக்க முடிவாக இல்லை. எனினும் நியூயார்க் துறை தன் காற்றுத்திறப்பு முறைகளைத் திருத்தியது. முன்பு கதவைத் திறக்கக் கற்பித்தவர்கள், நீர் தயாராகும் வரை கதவை மூடிப் பிடித்திருக்கவும் கற்பிக்கத் தொடங்கினர்.

பயிற்சிக்குள் பதுங்கிய ஆபத்து

உண்மைத் தீயில் பயிற்சி அளிப்பதற்கு ஒரு விலை உண்டு. 1982-இல் கொலராடோ மாநிலத்தின் போல்டரில் பழைய கட்டடத்தில் நடந்த தீப்பயிற்சியில் இரு வீரர்கள் இறந்தனர். அதன் விளைவாக அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1986-இல் 1403 என்ற எண்ணுள்ள தரவிதியை வெளியிட்டது. தீமூட்ட மரம், வைக்கோல் போன்று நடத்தை அறியப்பட்ட பொருள்களையே பயன்படுத்த வேண்டும். எரியக்கூடிய திரவங்கள் கூடா. பாதிக்கப்பட்டவராக நடிக்க உயிருள்ள மனிதரை உள்ளே வைக்கக் கூடாது. ஐந்து பயிற்சியாளருக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும். முழு அதிகாரமுள்ள பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். நீர்வழி இரண்டு தனித்தனியாக இருக்க வேண்டும் என்பன அதன் முக்கியக் கூறுகள். இவ்விதிகள் இருந்தும் 2007-இல் பால்டிமோர் நகரில் நடந்த பயிற்சியில் புதிதாகச் சேர்ந்த வீரர் ஒருவர் இறந்தார். அங்கே பல விதிகள் மீறப்பட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது.

மெதுவாக வரும் ஆபத்தும் உண்டு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் தீயணைப்புத் தொழிலைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான காரணிகளின் பட்டியலில் சேர்த்தது. மாதக்கணக்கில் எரியும் பெட்டகங்களுக்குள் நிற்கும் ஆசிரியர்கள், ஒரு சாதாரண வீரரைவிட அதிகமான முறை புகைக்கு ஆளாகின்றனர். ஆகவே சில பள்ளிகள் கணினியால் கட்டுப்படுத்தப்படும் எரிவாயுச் சுடரைப் பயன்படுத்துகின்றன. நினைத்தவுடன் அணைக்கலாம், புகையும் குறைவு. ஆனால் அத்தீ காற்றின் வரத்துக்கேற்ப மாறுவதில்லை. நீர் பட்டதும் ஆசிரியரே அதை அணைக்கிறார். பாதுகாப்பான தீ தவறான பாடத்தைக் கற்பிக்கக்கூடும் என்பதால், எரிவாயுவில் கருவிப் பழக்கமும் மரத்தீயில் தீயின் நடத்தையும் எனப் பிரித்துக் கற்பிப்பதே பொருத்தமான வழி.

முடிவெடுக்கும் கண்

கருவியும் உடலும் பழகிய பின் எஞ்சுவது தலைமையேற்போரின் தீர்ப்பு. 1980-களில் அமெரிக்க உளவியலாளர் கேரி கிளைனும் உடனிருந்தோரும் அனுபவம் மிக்க தீயணைப்பு அதிகாரிகளை ஆராய்ந்தபோது, பல வழிகளை வரிசைப்படுத்தி ஒப்பிட்டு அவர்கள் முடிவெடுப்பதாகத் தெரியவில்லை. சூழலைப் பார்த்தவுடன் முன்பு கண்ட ஒரு வகையோடு அதை இனங்கண்டு, அவ்வகைக்குப் பொருந்தும் முதல் வழியை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்து, தடையில்லையெனில் அதையே செய்தனர். எதிர்பார்த்தபடி தீ நடந்துகொள்ளாதபோது எழும் ஐயமே அவர்களுடைய மிகச் சிறந்த எச்சரிக்கை. இதிலிருந்து பயிற்சிக்குக் கிடைத்த பாடம் தெளிவானது: முடிவெடுக்கும் சூத்திரங்களைவிட, வேறுபட்ட சூழல்களைப் பெருமளவில் காட்டி ஒவ்வொன்றின் பின்னும் அடுத்து என்ன நிகழும் என்று கேட்பதே பயன் தரும். புகையின் நிறம், அடர்த்தி, வெளிவரும் வேகம், கதவின் வெப்பம் ஆகியவற்றைக் காணொளியிலும் களத்திலும் படிக்கச் செய்து, ஒவ்வொரு நிகழ்வுக்குப் பின்னும் விரிவான மீளாய்வு நடத்துவது இதனால் வழக்கமாயிற்று.

இந்தியாவில் இத்தொழிலின் நினைவுநாள் 1944 ஏப்ரல் 14-ஐ ஒட்டியது. அன்று பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சும் வெடிபொருளும் ஒருங்கே ஏற்றப்பட்டிருந்த ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற கப்பல் தீப்பற்றி வெடித்ததில், அதை அணைக்கப் போராடிய தீயணைப்பு வீரர்கள் பலர் உயிரிழந்தனர். எரிவது எது என்று அறிவது எப்படி அணைப்பது என்பதற்கு முந்தைய கேள்வி என்பதை அந்நிகழ்வு காட்டியது. விடுதலைக்குப் பின் 1956-இல் தொடங்கப்பட்டு அடுத்த ஆண்டு நாக்பூருக்கு மாற்றப்பட்ட தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரி, நாட்டின் தீயணைப்பு அலுவலர்களை உருவாக்கி வருகிறது. தமிழ்நாட்டில் தாம்பரத்திலுள்ள பயிற்சி மையம் மாநில வீரர்களைப் பயிற்றுவிக்கிறது. செயற்கை நுரை மெத்தையும் நெகிழிப் பொருள்களும் குளிரூட்டப்பட்ட மூடிய அறைகளும் இந்நாட்டு நகரங்களிலும் பெருகிவிட்டதால், காற்றிழந்த தீயைக் கையாளும் பாடம் இங்குள்ள பயிற்சியிலும் முதலிடம் பெறவேண்டிய காலம் வந்துவிட்டது.

இந்தப் பாடத்தின் ஒரு பகுதி சீருடை அணியாதோருக்கும் உரியது. வீட்டில் தீப்பற்றினால் அனைவரும் தாழக் குனிந்து வெளியேற வேண்டும். வெளியேறும்போது எரியும் அறையின் கதவைச் சாத்திவிட வேண்டும். சாத்திய கதவை மீண்டும் திறந்து பார்க்காமல், 101 அல்லது 112 எண்ணை அழைக்க வேண்டும். மூடிய கதவு தீக்குச் செல்லும் காற்றைக் குறைத்து, மற்ற அறைகளில் இருப்போருக்குச் சில நிமிடங்களைப் பெற்றுத் தருகிறது. பயிற்சி பெற்ற வீரர்கள் வந்துசேர அந்தச் சில நிமிடங்களே வேண்டும்.